மீன்பிடிக் கயாக்கின் அளவைத் தீர்மானிப்பது எப்படி?

துடுப்பால் ஓட்டும் குறுகிய சிறு படகான கயாக்கை மீன்பிடிக்க வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை அடி நீளம் வேண்டும் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது நல்லது. ஏற்றப்போகும் பாரம் தெரிந்த பிறகுதான் அகலத்தைப் பற்றி யோசிக்க முடியும். செல்லப்போகும் நீர்நிலை தெரிந்த பிறகுதான் நீளத்தைப் பற்றிப் பேச முடியும்.

எனவே ஒரு தாளை எடுத்துப் பாரத்தை எழுதிக் கூட்டுங்கள். உங்கள் எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஈர உடைக்கும் மிதவை அங்கிக்கும் 4 கிலோ, தூண்டில்களுக்கும் முள், ஈயம் வைக்கும் பெட்டிக்கும் 6, ஐஸ் நிரப்பிய பெட்டிக்கு 10, குடிநீருக்கு 3, நங்கூரத்துக்கு 2, பேட்டரிக்கும் மீன் காட்டும் கருவிக்கும் 4, திரும்பும்போது ஏறியிருக்கும் மீனுக்கு 7 என்று சேர்த்தால் 116 கிலோ ஆகிறது. தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்சத் தாங்குதிறனில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வழக்கம். அப்படிப் பார்த்தால் இந்த ஆளுக்கு ஏறத்தாழ 166 கிலோ தாங்கும் கயாக் தேவைப்படுகிறது. 120 கிலோ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, போதுமே என்று வாங்கிவிடக் கூடாது. கழற்றி மாட்டும் இருக்கையும், காலால் மிதித்து ஓட்டும் பெடல் கருவியும் அந்தத் தாங்குதிறனுக்குள் அடங்குமா என்பதையும் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த 70 விழுக்காட்டுக் கணக்கின் காரணத்தைத் தண்ணீரில் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்கில், நம் கட்டுமரத்தைப் போலவே, ஏறும் தண்ணீர் தங்காமல் வடிந்துவிட வேண்டும். அதற்காகவே தளத்தில் துளைகள் இருக்கின்றன. பாரம் மிஞ்சினால் தளம் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்துவிடும். வடிய வேண்டிய துளை வழியாகவே தண்ணீர் மேலே ஊறி வந்து, இருக்கைக்கு அடியில் தேங்கி நிற்கும். அந்த நிலையில் படகு துடுப்புக்கு மெதுவாகத்தான் அசையும், பக்க அலைக்கும் எளிதில் சாயும்.

அகலத்தைப் பொறுத்தவரை, உட்கார்ந்தபடியே மீன் பிடிப்பவருக்கு 30 முதல் 32 அங்குலம் போதும். எழுந்து நின்று தூண்டில் வீச விரும்புபவர் 34 அங்குலத்துக்குக் குறைவாக வாங்க வேண்டாம். உயரமான இருக்கையில் உட்காரும்போது உடலின் பாரமும் மேலேறுவதால், அதற்கும் அகலம் கூடுதலாகவே தேவை. அகலம் கூடக்கூட நல்லது என்றும் எண்ணிவிடாதீர்கள். 36 அங்குலப் படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீரைத் தொடுவதற்கே சுமார் 250 செ.மீ. துடுப்பு வேண்டும், எதிர்க்காற்றில் தோள் விரைவில் களைத்துவிடும்.

இனி நீளம். 10 அடிக் கயாக் குறுகிய இடத்தில் சட்டென்று திரும்பும். ஏரிக்கும் அலையாத்தி மரங்களுக்கு இடையிலான சிறு கால்வாய்களுக்கும் அது ஏற்றது. ஆனால் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் அதன் முனை இடமும் வலமுமாக ஆடுவதால், தொலைதூரம் செல்ல ஏற்றதன்று. முட்டுக்காடு போன்ற கழிமுகத்திலும், மட்டக்களப்பு வாவி போன்று நீண்டு கிடக்கும் நீரிலும் 12 அடிதான் கைகொடுக்கும். அலை உடையும் இடத்தைக் கடந்து கடலுக்குள் செல்பவர் 13 அடிக்கு மேல் பார்க்கலாம். வேகத்தில் வித்தியாசம் சிறியதுதான்: நீர்மட்ட நீளத்தைக் கொண்டு கணக்கிட்டால், உச்ச வேகம் 10 அடிக்கு மணிக்கு 7.8 கி.மீ., 12 அடிக்கு 8.6 கி.மீ. நீளத்தின் உண்மையான பயன், நேர்கோடு பிடித்துச் செல்வதில்தான் இருக்கிறது. காலையில் அமைதியாகப் போய், நண்பகலில் கடற்காற்று எழுந்த பிறகு திரும்பும்போது இதன் அருமை புரியும்.

படகின் சொந்த எடையை மறந்துவிடக் கூடாது. 12 அடி மீன்பிடிக் கயாக் பொதுவாக 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். பெடல் வைத்தது அதற்கும் மேல். மணலில் தனியாக இழுத்து, காரின் மேல் தனியாக ஏற்ற முடியுமா என்பதையும், கார்க் கூரை அந்த எடையைத் தாங்குமா என்பதையும் பாருங்கள். தூக்க முடியாத கயாக் வீட்டுச் சுவரோரமே கிடந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று ஏறத்தாழ 20 கிலோ. நம் கணக்கில் ஆளைத் தவிர்த்த பாரம் 36 கிலோ என்பதால், இரண்டு கேன்களைப் பின்பக்கத்தில் கட்டி ஏறி உட்கார்ந்தால் போதும். துளைகளில் நீர் ஊறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு கேன்களை இறக்கிவிட்டு, மிதவை அங்கியோடு, துணைக்கு ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டு, மார்பளவு நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, பக்கவாட்டிலிருந்து மீண்டும் ஏறிப் பாருங்கள். அகலமும் எடையும் மிகுந்த படகை நிமிர்த்துவது கடினம். உங்களால் நிமிர்த்தி ஏற முடியவில்லை என்றால், ஓர் அளவு சிறியதைக் கேளுங்கள். அதற்கேற்ப ஐஸ் பெட்டியையும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.