நிறையை எலக்ட்ரான் வோல்ட்டாக மாற்றுவது எப்படி?

எலக்ட்ரானின் நிறை 9.10938×10⁻³¹ கிலோகிராம். நிறையை ஆற்றலாக்க (E=mc²), இதை ஒளிவேகத்தின் வர்க்கமான 8.98755×10¹⁶ ஆல் பெருக்கினால் 8.18711×10⁻¹⁴ ஜூல் வரும். ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.602177×10⁻¹⁹ ஜூல். அதால் வகுத்தால் சுமார் 5,11,000 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

அணுக்கருக் கணக்குக்கு இவ்வளவு சுற்ற வேண்டாம். 1 அணு நிறை அலகு என்பது 931.494 மெகா எலக்ட்ரான் வோல்ட். இது மனப்பாடமாக இருக்க வேண்டிய எண். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கருவான டியூட்ரானையே எடுத்துக்கொள்வோம். அணு நிறை அலகில் புரோட்டான் 1.007276, நியூட்ரான் 1.008665, கூட்டினால் 2.015941. டியூட்ரானோ 2.013553தான். குறையும் 0.002388ஐ 931.494 ஆல் பெருக்கினால் 2.224 மெகா எலக்ட்ரான் வோல்ட். இதுதான் பிணைப்பாற்றல், அதாவது கருவைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்.

கழித்து முடிக்கும்வரை தசமங்களை வெட்டாதீர்கள். மூன்று தசம இடத்தோடு நிறுத்தினால் வித்தியாசம் 0.002 ஆகி, விடை 1.86க்கு இறங்கிவிடும். அட்டவணையில் இருப்பது அணுவின் நிறையா, கருவின் நிறையா என்பதையும் பாருங்கள். டியூட்ரானும் ஒரு எலக்ட்ரானும் சேர்ந்த டியூட்டீரிய அணுவுக்கான 2.014102ஐ மேலே உள்ள கணக்கில் போட்டால் 1.713தான் கிடைக்கும். காணாமல் போன அந்த 0.511, அணுவோடு ஒட்டிவந்த எலக்ட்ரானின் நிறை.