கேமுக்குக் கதை எழுதுவது எப்படி? முதல் தடவை எழுதுபவர்களுக்கு

கதை எழுதிப் பழகியவர்கள் கேமுக்கு எழுத உட்கார்ந்தால், முதலில் பத்துப் பக்கத்துக்கு முன்கதை எழுதிவிடுகிறார்கள். ராஜா யார், போர் ஏன் வந்தது எல்லாம் அதில் இருக்கும், ஆடுபவர் என்ன செய்யப்போகிறார் என்பது மட்டும் இருக்காது. சிரமமே அங்கேதான். நாயகி நீங்கள் சொன்ன பக்கம் போகமாட்டாள், கண்ட்ரோலர் வேறொருவர் கையில் இருக்கிறது.

படி 1: வினைச்சொற்களை எழுதுங்கள்

வினைச்சொற்கள் என்றால் ஆடுபவர் கேமில் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல். பாழடைந்த கலங்கரை விளக்கத்தில் ஒரு பெண் காணாமல்போன அண்ணனைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நடக்கலாம், எடுக்கலாம், படிக்கலாம், பேசலாம், விளக்கேற்றலாம். அவ்வளவுதான். கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் இந்த ஐந்தில் ஒன்றால்தான் நடக்க வேண்டும். கடைசியில் சண்டை போட்டு ஜெயிக்கிறாள் என்று எழுதினால், அதை வீடியோவாகத்தான் காட்ட முடியும், ஆடுபவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். கதை ஒன்று சொல்ல ஆட்டம் வேறொன்றைச் செய்யவைக்கும் இந்த முரணுக்கு, 2007-இல் பயோஷாக் கேமைப் பற்றி எழுதிய வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 'லூடோநேரேட்டிவ் டிசொனன்ஸ்' என்று பெயர் வைத்தார். பெரிய பட்ஜெட் கேம்களிலேயே இது வரும் என்பதால் ஆரம்பத்திலேயே கவனம் வேண்டும்.

படி 2: கிளைகளைப் பிரித்துத் திரும்பச் சேருங்கள்

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தேர்வு, எதுவும் மறுபடி சேராது என்றால் ஐந்து தேர்விலேயே 32 முடிவுகள், பத்தில் 1,024. தனி ஆளாக எழுதி முடியாது. அதனால் இரண்டு மூன்று காட்சி தள்ளி எல்லாக் கிளைகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். படகில் வந்தாலும் பாறை வழியாக ஏறினாலும் அவள் அதே கதவின் முன்னால்தான் நிற்பாள்.

அப்படியானால் தேர்வுக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அடுத்தது.

படி 3: நடந்ததை கேம் நினைவில் வைக்கட்டும்

இதற்கு வேரியபிள் போதும், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் ஒரு சின்னக் குறிப்பு. 'கடிதம் படித்தாளா?' ஆம் அல்லது இல்லை. கடிதத்தைப் படிக்காமல் காவலாளியிடம் போனால்:

"யாரம்மா நீ? இங்கே யாரும் வரக்கூடாது."

படித்துவிட்டுப் போனால், அவள் முதலில் கேட்கிறாள்:

"அண்ணன் கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. ஏன்?"

இடம் ஒன்றுதான், ஆள் ஒன்றுதான், ஆனால் தான் செய்தது இங்கே எண்ணப்படுகிறது என்று ஆடுபவருக்குத் தெரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் பத்து முடிவுகளைவிட இப்படி ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ஒரு தாளில் காட்சிகளை இடப்பக்கமும் வேரியபிள்களை மேலேயும் எழுதி, எந்தக் காட்சிக்கு எது தேவை என்று டிக் போட்டுவையுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட்டால், இறந்துபோன பாத்திரம் அடுத்த காட்சியில் வந்து பேசும்.

படி 4: வசனத்தைக் குறையுங்கள்

திரையில் வசனம் வரும் ஒரு பெட்டியில் இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. காவலாளியிடம் ஆடுபவர் திரும்பத் திரும்பப் போவார், ஒரே வரியைக் கேட்டால் எரிச்சல் வரும், அதனால் நாலைந்து மாற்று வரிகள் எழுதிவையுங்கள். அப்புறம், பொருளே சொல்லக்கூடியதை வசனத்தில் வைக்காதீர்கள். மேசையில் இரண்டு தட்டு இருந்து, ஒன்றில் மட்டும் சாப்பாடு தொடாமல் காய்ந்து கிடந்தால் போதும், விளக்கம் வேண்டாம்.

படி 5: எழுதி, ஆடவிட்டுப் பாருங்கள்

கிளைக்கதை எழுதும் மென்பொருளான ட்வைன் (Twine) இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கோடிங் தெரியாமலே ஆரம்பிக்கலாம். ஒரு பத்தியில் [[கதவைத் திற]] என்று இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் அந்தப் பெயரில் அடுத்த பத்தி உருவாகி, இரண்டுக்கும் நடுவே கோடு விழும். கதை வளர வளர எங்கே சிக்கல், எந்தக் கிளை முட்டி நிற்கிறது என்பது திரையில் அப்படியே தெரியும். யூனிட்டி மாதிரி, கேம் உருவாக்கும் மென்பொருளான எஞ்சினுக்குள் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், கிளைக்கதை எழுதுவதற்கான ஸ்கிரிப்ட் மொழியான இங்க் (Ink) கற்றுக்கொள்ளலாம், அதுவும் இலவசம்தான்.

பத்துப் பதினைந்து பத்தி தேறியதும் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கே படிக்காமலே அடுத்ததை அழுத்துகிறார், எங்கே தயங்கி நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தித் தாண்டிய இடங்களை முதலில் வெட்டுங்கள்.