முன்பள்ளிச் சாப்பாடும் முதியோர் நிலையச் சாப்பாடும்: எங்கே பிழை விடுகிறோம்?

அரசாங்கப் பணத்தில் சாப்பாடு கொடுக்கும் நிலையங்களில் பிழைகள் இரண்டு இடத்தில் நடக்கின்றன. கணக்குக் கொப்பியில் ஒன்று, சாப்பாட்டுக் கோப்பையில் மற்றது. கொப்பியில் பிழை விட்டால் பணம் நிற்கும். கோப்பையில் பிழை விட்டால் பணம் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், பிள்ளையின் நிறை மட்டும் ஏறாது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் முன்பள்ளி நடத்தும் டீச்சர்மார், சமைத்துக் கொடுக்கும் தாய்மார், முதியோர் சங்கச் செயலாளர்மார் அடிக்கடி விடும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

முதலில், எது எந்தத் திட்டம் என்ற குழப்பம். முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை பாடசாலையில் கொடுப்பது கல்வி அமைச்சின் பாடசாலை உணவுத் திட்டம். 2024 மார்ச்சில் அது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிக்கப்பட்டது. முன்பள்ளியில் கொடுக்கும் காலை உணவு அதன் தொடர்ச்சி கிடையாது. அது மகளிர், சிறுவர் விவகாரங்களைப் பார்க்கும் அமைச்சின் கீழ் வருவது. தொகையும் வேறு, விதியும் வேறு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தொகையை ஒரு பிள்ளைக்கு 60 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக உயர்த்த முன்மொழிந்தார்கள். மூன்றாவது திரிபோஷ என்ற சத்துமா. 1970களிலிருந்து சுகாதாரத் துறை கிளினிக்கில் கொடுத்துவரும் அந்தப் பக்கெட் நிறை குறைந்த குறிப்பிட்ட பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் உரியது. கிளினிக்கில் வாங்கிய திரிபோஷவை முன்பள்ளியில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு அதையே அன்றைய சாப்பாடாக எழுதினால், ஒரே நேரத்தில் இரண்டு திட்டத்திலும் பிழை.

சரி, கொப்பிக்கு வருவோம். பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. காலையில் கூப்பிடும் இடாப்பை அப்படியே சாப்பாட்டுக் கணக்காக எழுதிவிடுகிறோம். எட்டு மணிக்கு 30 பிள்ளைகள் வந்தார்கள் என்றால் 30 சாப்பாடு என்று எழுதியாகிவிட்டது. ஒன்பதரைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், தாய் வந்து கூட்டிக்கொண்டு போகிறார். இன்னொரு பிள்ளை அன்றைக்குக் கோப்பையை வாங்கவே மாட்டேன் என்கிறது. எண்ண வேண்டியது கோப்பையைப் பிள்ளையின் முன்னால் வைக்கும் நேரத்தில். டீச்சருக்குக் கைவேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் பேருக்கு நேரே ஒரு புள்ளி வைக்க நிமிடக் கணக்கில்தான் நேரம் போகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில் நிரப்பிய பக்கத்தைக் கணக்காய்வுக்கு வருபவர் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்.

மாரியில் இது இன்னும் மோசமாகும். நவம்பர், டிசம்பரில் கிரான் பக்கம் தண்ணீர் ஏறினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போக்குவரத்து அறுந்துபோகிறது. நிலையம் திறக்கவே இல்லை, ஆனால் மாதக் கணக்கில் அந்த நாட்களும் சாப்பாட்டு நாட்களாக இருக்கின்றன. வேண்டுமென்று செய்ததாக இருக்காது, போன மாதத்தைப் பார்த்து எழுதிய பழக்கமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூடிய நாளில் 'வெள்ளம், மூடப்பட்டது' என்று எழுதி அன்றைக்கே முன்பிள்ளைப்பருவ உத்தியோகத்தருக்கு ஒரு கோல் எடுத்துவிட்டால் முடிந்தது.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய பிழை: பிறந்தநாள் சாப்பாடு. சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் ஒருவர் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அல்லது தகப்பனின் திவசத்துக்குக் காசு அனுப்புகிறார். அன்றைக்கு முன்பள்ளியிலோ முதியோர் நிலையத்திலோ கோழிக்கறியோடு நல்ல சாப்பாடு. படம் எடுத்து அனுப்புகிறார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் அதே நாளுக்கு அரசாங்கச் சாப்பாடும் கொடுத்ததாகக் கொப்பி சொல்கிறது. ஒரு வயிறு, இரண்டு பில். மிச்சக் காசில் மின்விசிறி வாங்கினோம், கூரைத் தகடு மாற்றினோம் என்று விளக்கம் சொல்வார்கள். சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசைத் தகட்டுக்குப் போட நிலையத்துக்கு அதிகாரம் கிடையாது. நன்கொடைக்குத் தனிக் கொப்பி, தனிப் பற்றுச்சீட்டு வையுங்கள். அன்பளிப்புச் சாப்பாடு வரும் நாளில் அரசாங்கக் கணக்கில் பூச்சியம் போடுங்கள். இல்லையென்றால் கொடுக்க வருபவரிடம் காலைச் சாப்பாட்டைத் தொடாமல் பின்நேரப் பழமோ பாலோ தரச் சொல்லுங்கள். பலர் விருப்பத்தோடு சம்மதிப்பார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விசயம்.

கொடுக்காத சாப்பாட்டை எழுதுவது எங்கள் நாட்டு வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சிறுவர் நிலையங்களுக்கும் முதியோர் பகல் நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, 1968இல் தொடங்கியது. மினசோட்டா மாநிலத்தில் அந்தத் திட்டத்தையும் கோடைகால உணவுத் திட்டத்தையும் வைத்து, கொடுக்காத சாப்பாடுகளுக்குப் பணம் எடுத்ததாக 2022இல் வழக்குப் போட்டார்கள். தொகை 250 மில்லியன் டொலர். எங்கள் முன்பள்ளிகளின் சில்லறைப் பிழையை அதோடு சேர்த்துப் பேச முடியாது. கணக்கு அவிழும் வழி மட்டும் ஒன்றுதான்: இத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதிய எண்ணிக்கைக்கு அங்கே ஆளும் இல்லை, வாங்கிய அரிசியும் இல்லை.

பில் இன்னொரு தலையிடி. பச்சைப்பயறைக் கடையில் வாங்கலாம், பில் கிடைக்கும். முட்டை பக்கத்து வீட்டில், கீரை வாய்க்கால் கரையில் விற்கும் அம்மாவிடம், மீன் காலையில் சைக்கிளில் வருபவரிடம். இவர்களில் யாரும் பில் புத்தகம் வைத்திருப்பதில்லை. அதற்காகத் தெரிந்த கடையில் மொத்தமாக ஒரு பில் எழுதி வாங்குவது பலருக்குப் பழகிவிட்டது. அது பொய்ப் பில், வேறு பெயர் இல்லை. திகதி, பொருள், அளவு, விலை, விற்றவரின் பெயர், கையொப்பம் இவ்வளவும் உள்ள ஒரு துண்டை எழுதி வாங்கலாம். அதை ஏற்பார்களா என்று மாதம் தொடங்க முன்னரே பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்க மாட்டோம் என்றால் பில் தரும் இடத்தில் வாங்க வேண்டியதுதான்.

சமைப்பவரைத் தெரிவுசெய்வதிலும் ஒரு சிக்கல். தலைவரின் மச்சாள் நன்றாகத்தான் சமைப்பார். அதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதி, கையொப்பம் வாங்கினால் பிரச்சினை இல்லை. எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து அது ஊர்ச் சண்டை. பணம் கைக்கு வரப் பிந்தும் மாதங்களும் உண்டு என்பதால், எவ்வளவு நாள் கடனுக்குச் சமைக்க அவருக்கு ஏலும் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கடை பாக்கி ஏற ஏறக் கறி தண்ணியாகும்.

கோப்பையைப் பார்ப்போம். 30 பிள்ளைகளுக்கு 100 ரூபா வீதம் நாளைக்கு 3,000 ரூபா. சமைப்பவரின் கூலி, விறகு, தேங்காய் எல்லாம் ஞாபகத்துக்கு வரும்போது இது சிறிய காசு. அதனால் கை தானாகச் சோற்றைக் கூட்டிக் கறியைக் குறைக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் வயிற்றில் இடம் கொஞ்சம்தான். அதைச் சோற்றால் நிரப்பிவிட்டால் பருப்புக்கும் முட்டைக்கும் இடமில்லை. முதலில் கறியை வைத்து, பிறகு சோற்றை வைக்கும் பழக்கத்துக்குச் சமையல்காரரை மாற்றிப் பாருங்கள், செலவு பெரிதாக ஏறாது. நாள்நாளாகக் கணக்குப் பார்க்காமல் வாரமாகப் பார்ப்பதும் உதவும். பயறும் தேங்காய்ப்பூவும், கௌபியும் சம்பலும் கொடுக்கும் நாட்களில் மிஞ்சுவது முட்டைக்கும் மீனுக்கும் போகும். ஆனால் உங்களுக்குத் தந்த உணவுப் பட்டியலை மாற்றுவதாக இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலோ சொல்லிவிட்டு மாற்றுங்கள். சொல்லாமல் பிஸ்கட்டுக்கு மாறுவதுதான் மிகவும் லேசான வழி, மிகவும் கெட்ட வழியும் அதுதான்.

சாப்பாட்டோடு பிளேன்டீ கொடுக்கும் நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. தேயிலையில் உள்ள ஒரு பொருள், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு முழுதாக எடுக்க விடாது. முருங்கை இலை வறைக்கு மேல் தேசிக்காய் பிழிந்தால், அல்லது பிறகு ஒரு துண்டு கொய்யா கொடுத்தால், அதே இரும்பு கூடுதலாகச் சேரும்.

கச்சான் (நிலக்கடலை) எங்கள் பக்கத்துச் சொத்து, புரதமும் கொழுப்பும் நிறைந்தது, அதை முழுசாகச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து அதிகம். அரைத்தோ இடித்தோ கொடுங்கள். கொண்டைக்கடலையை நன்றாக அவித்து மசியுங்கள். சூடை மீன் மலிவு, நல்ல மீன், ஆனால் முள். முள்ளெடுக்க ஆளில்லாத நாளில் அதை வாங்காமல் விடுவது நல்லது. கச்சான், இறால், முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று சேர்க்கும் படிவத்திலேயே கேட்டு எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

நேரம் பற்றி ஒரு சொல். விடியச் சமைத்து மூடி வைத்துப் பத்து மணிக்குப் பரிமாறும் வழக்கம் எங்கள் வெக்கைக்கு ஆகாது. சமைத்த உணவு சாதாரண சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் 60 பாகைக்கு மேல் சுடச்சுட இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் கறி இன்னும் கெதியில் கெடும். வீட்டில் காய்கறி அரியும் வேலையை முடித்துவிட்டு நிலையத்தில் கொண்டுவந்து காய்ச்சுவது நல்ல ஏற்பாடு. சமைப்பவருக்கு வயிற்றோட்டம், சத்தி என்றால் அன்றைக்கு வேறு ஆள் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அநேக இடங்களில் அந்த மாற்று ஆளே இல்லை, அதனால் அவர் நோயோடு வந்து சமைக்கிறார். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடாமல் சமைக்கத் தொடங்குவதும் இப்படித்தான் நடக்கிறது; பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) அறிவித்தால் வந்து பார்ப்பார்.

பெற்றோர் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. 'பள்ளியில தாறாங்கதானே' என்று வீட்டில் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மணிக்கு எழும்பும் பிள்ளை ஒன்பது, பத்து மணி வரைக்கும் வெறும் தேத்தண்ணியோடு இருக்கிறது. அரசாங்கம் தருவது வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலதிகமாக. அதை வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாக்கினால் கணக்குக்குப் பணமும் போகும், நிறை அட்டையில் கோடும் மேலே போகாது. பெற்றோர் கூட்டத்தில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்ல வேண்டும்.

முதியோர் நிலையத்தில் பிழைகளின் முகமே வேறு. 'வயசு போனவங்களுக்குக் கஞ்சி போதும்' என்பது அன்பான பேச்சுப் போல இருக்கும், ஆனால் தசை உருகும் வயதில் புரதம் குறையக் கூடாது. பல்லில்லை என்றால் மீனை மசித்து, பருப்பைக் கடைந்து, முட்டையைக் குழைய வைத்துக் கொடுக்கலாம். கொடுக்காமல் விடுவதற்குப் பல் காரணமாகாது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களின் சாப்பாட்டு நேரம் பிந்தக் கூடாது. காலையில் குளிசை போட்டுவிட்டு வந்தவர் விருந்தினர் வரும் வரை, பேச்சு முடியும் வரை காத்திருந்தால் சீனி இறங்கி மயங்கிவிடலாம். முக்கியப் பிரமுகர் வரும் நாள்தான் இதற்கு மிக ஆபத்தான நாள். பிரஷர் உள்ளவர்களுக்குக் கருவாடும் ஊறுகாயும் தினக் கறியாகக் கூடாது. உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது, அது ஒரு தேக்கரண்டி கூட வராது.

முட்டை கொடுத்தால் சில அப்புமார், அம்மம்மாமார் அதைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள், பேரப்பிள்ளைக்கு. அதைக் கண்டு சத்தம் போடுவது சரியில்லை. முட்டையைக் கறியாக உடைத்துப் பரிமாறினால் கொண்டுபோக முடியாது, அவரும் வெட்கப்பட மாட்டார். வீட்டில் அந்தப் பேரப்பிள்ளைக்கு உண்மையிலேயே சாப்பாட்டுக் கஷ்டம் என்றால் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டிய விசயம் அது.

இனி, யாருக்கு எப்போது என்ன சாப்பாடு என்பதைக் கேட்காமல் முடிவெடுப்பது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு மாதத்தில் முதியவர்கள் வருவார்கள், சாப்பிட மாட்டார்கள். தமிழ்க் கிராமங்களில் வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் மரக்கறி. எல்லா இனத்தாரும் சேர்ந்து வரும் நிலையத்தில் இறைச்சி ஹலாலா என்பது சமைக்கும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் சாப்பாட்டு எண்ணிக்கை குறையத்தான் செய்யும். குறைந்ததை அப்படியே எழுதுங்கள். ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் எண்ணிக்கையை நிரப்ப வேண்டாம். அந்த மாதத்துக்கான உணவை வேறு விதமாகக் கொடுக்க வழி இருக்கிறதா என்று நோன்பு தொடங்க முன்னரே முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும், அதை அந்த மாதக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.