பல்பை எரிய விடுவதற்கு முன்: இணையக் கருவிகளோடு பாடம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த இளம் அறிவியல் ஆசிரியர் ஒருவர், "டீச்சர், இன்னைக்கு மின்னோட்டவியல் எடுக்கிறேன். ஃபெட் செயலி போட்டுக் காட்டப்போறேன், வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நல்ல தயாரிப்பு, கணீரென்ற குரல். பிள்ளைகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே எனக்கு மனசு பதறத் தொடங்கிவிட்டது. 2019-ல் நான் செய்த அதே தவறை, அதே பாடத்தில், அதே வரிசையில் அவர் செய்துகொண்டிருந்தார்.

நெட் கட்டாவது, ஸ்பீக்கர் வேலை செய்யாதது, பாஸ்வேர்டு மறந்துபோவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் தானாகத் திருத்திக்கொள்கிற விஷயங்கள் அவை. தவறு என்றே தெரியாமல், பாராட்டும் வாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் நாம் செய்துகொண்டிருப்பவைதான் என் கவலை.

## கேள்வி கேட்பதற்கு முன்பே விடையைக் காட்டிவிடுவது

2019-ல் பத்தாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு, பாடத்தின் கடைசியில் இணையச் செயல்பாடு என்று எங்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். நானும் ஃபெட் தளத்திலிருந்து மின்சுற்று செயலியை இறக்கி வைத்துக்கொண்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபெட் என்பது அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே அமைத்து இயக்கிப் பார்க்க உதவும் செயலிகளின் தளம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. காசு கட்ட வேண்டாம். பல செயலிகள் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். கருவியில் ஒரு குறையும் இல்லை. குறை என் கையில் இருந்தது.

திரையில் 9 வோல்ட் மின்கலம் ஒன்றை இழுத்துப் போட்டேன். கம்பி, சாவி (சுவிட்ச்), ஒரு பல்பு. எரிந்தது. இன்னொரு பல்பைத் தொடரிணைப்பில், அதாவது அதே பாதையில் ஒன்றன் பின் ஒன்றாக, சேர்த்தேன். இரண்டும் கொஞ்சம் மங்கி, ஒரே அளவில் எரிந்தன. "பாத்தீங்களா? தொடரிணைப்புல எல்லா இடத்துலயும் ஒரே மின்னோட்டம்தான் போகும்" என்றேன். "பாத்தோம் டீச்சர்" என்று மொத்த வகுப்பும் சொன்னது. அதோடு நிறுத்தினேனா? மின்கலத்தின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துக் காட்டினேன். ஃபெட்டில் அப்படிச் செய்தால் மின்கலம் குபுகுபுவென்று தீப்பிடிக்கும். வகுப்பே கத்தியது. "இன்னொரு தடவை டீச்சர்!" நாலு தடவை கொளுத்திக் காட்டினேன். வராந்தாவில் போன சக ஆசிரியை எட்டிப் பார்த்து, "உங்க கிளாஸ் இன்னைக்குக் கலகலப்பா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

அடுத்த வாரம் அலகுத் தேர்வு. ஒரு கேள்வி: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் உள்ளன, மின்கலத்தை ஒட்டி இருப்பது, தள்ளி இருப்பது, இரண்டில் எது பிரகாசமாக எரியும், ஏன்? 41 பேரில் 26 பேர், ஒட்டி இருப்பதுதான் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவியின் விடை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: "முதல் பல்பு கரண்டைக் குடித்துவிட்டு மீதியைத்தான் அடுத்த பல்புக்கு அனுப்பும்." முதல் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பல்பும் ஒரே அளவில் எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்த பெண் அவள்.

முதலில் கோபம்தான் வந்தது. ஆற அமர யோசித்தபோதுதான் புரிந்தது. அவள் காலி மனதோடு என் வகுப்புக்கு வரவில்லை. "ஃபேனை அணை, கரண்டு செலவாகுது", "கரண்டு பில் ஏறிப்போச்சு", "கரண்டு போயிருச்சு" என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவள். நம் பேச்சில் மின்னோட்டம், மின்னாற்றல், மின்வினியோகம் மூன்றுக்கும் கரண்டு என்ற ஒரே சொல்தான். செலவாவது ஆற்றல், சுற்றில் ஓடும் மின்னோட்டம் போன அளவே திரும்பி வருகிறது. இந்த வேறுபாட்டை அவளிடம் யாரும் பிரித்துச் சொன்னதில்லை. அவள் கணக்குப்படி, முதல் பல்பு குடித்தது போக மீதிதான் அடுத்ததற்கு. இப்படி ஒரு விளக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பவர், அந்த விளக்கத்துக்கு இடிக்காத எதையும் பார்ப்பார். இடிப்பது கண்ணில் படவே படாது. படவேண்டும் என்றால், "நீ என்ன நடக்கும்னு நினைக்கிற?" என்று முதலில் கேட்டு, அவள் தன் விடையில் கால் ஊன்றி நிற்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்கவில்லை. நெருப்பைக் காட்டினேன், நெருப்பைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-ல் இதையே ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். இயற்பியல் செய்முறைக் காட்சியை வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், அதைப் பார்க்காதவர்களின் புரிதலைவிடப் பெரிதாக உயரவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் புரிதல் கூடியது. ஊகிக்கச் செலவான கூடுதல் நேரம் இரண்டொரு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு முழுப் பாடவேளையை நான் இழந்தேன். அந்த 26 பேரும் அதே எண்ணத்தோடு பிளஸ் டூ போய், மின்சுற்றுக் கணக்குக்கான கிர்க்காஃப் விதியில் தலையை முட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். சுற்றை அமைத்து, சாவியைத் திறந்தே வைத்திருப்பேன். பல்பு எரிந்திருக்காது. கரும்பலகையில் மூன்று விடை: முதல் பல்பு பிரகாசம், இரண்டாவது பிரகாசம், இரண்டும் சமம். ஆளுக்கொரு துண்டுத்தாள். விடையும் ஒரு வரிக் காரணமும் எழுதி மடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன், முகத்திலும் எதையும் காட்ட மாட்டேன். நம் கண்ணைப் பார்த்தே விடை பிடிக்கிற சாமர்த்தியம் பிள்ளைகளுக்கு உண்டு. கைதூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் எழுதிய பிறகுதான் சாவியை மூடுவேன். அடுத்து, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர். முதல் பல்புக்கு முன்னால் 0.45 ஆம்பியர். "ரெண்டு பல்புக்கும் நடுவுல எவ்வளவு காட்டும்?" மறுபடி எழுதச் சொல்வேன். அங்கும் 0.45. கடைசியில், மின்கலத்துக்குத் திரும்பும் கம்பியிலும் 0.45. "அப்ப முதல் பல்பு எதைத்தான் குடிச்சுச்சு?" என்று கேட்கும்போது வகுப்பில் வரும் அமைதிக்காகத்தான் இவ்வளவும். தீப்பிடிப்பதை மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது காட்டினால் போதும். அதற்கும் முதலில் ஊகம்தான்.

இதையெல்லாம் அந்த இளம் ஆசிரியரிடம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சொன்னேன். மறுநாள் பி பிரிவில் அப்படியே செய்து பார்த்தார். ஒரு பையன் எழுந்து, "சார், கம்ப்யூட்டர்ல தப்பாப் போட்டு வெச்சிருக்காங்க" என்றானாம். அவர் சங்கடத்தோடு வந்து சொன்னார். எனக்கு அது மிகப் பெரிய சந்தோஷம். தன் ஊகத்தில் கால் ஊன்றி நின்றவனால்தான் அப்படிச் சொல்ல முடியும். ஆய்வகத்திலிருந்து இரண்டு டார்ச் பல்பும் பேட்டரியும் எடுத்துப் போகச் சொன்னேன். கடையில் வாங்கும் பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது; ஒன்று சற்று மங்கலாகவே எரிந்தது. "பாத்தீங்களா!" என்றான் அவன். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார்கள். மங்கல் பல்பு எங்கே போனாலும் மங்கலாகவே எரிந்தது. இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவனே சொல்லிவிட்டான். திரையில் எல்லா பல்பும் ஒன்றுபோல இருப்பதால், இந்தச் சோதனைக்கு அங்கே வேலையே இல்லை.

இது மின்சுற்றுக்கு மட்டும் உரியதல்ல. ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் முக்கோணத்தின் முனையை இழுக்கும் முன் கோணங்களின் கூடுதல் என்ன ஆகும் என்று கேளுங்கள். யூடியூப் காணொளியை முடிவுக்கு முன் நிறுத்துங்கள். "கிளாஸ் கலகலப்பா இருந்துச்சு" என்பதை மட்டும் அளவுகோலாக வைத்து ஒரு வகுப்பை யார் பாராட்டினாலும், பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்.

## விரல் வேகத்துக்கு மதிப்பெண் கொடுப்பது

கஹூட் என்ற இணைய வினாடிவினா விளையாட்டில் சரியான விடையைச் சீக்கிரம் அழுத்தினால் கூடுதல் புள்ளி. நாம் மாற்றாவிட்டால் அப்படித்தான். மூன்று வரித் தமிழ்க் கேள்வியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு 20 நொடி எந்த மூலைக்கு? அது படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அழுத்திவிடுவார்கள். இரண்டு கேள்வி தாண்டியதும் அது படிப்பதை விட்டுவிட்டு ஏதோ ஒரு நிறத்தைத் தட்டும். நேரத்தைக் கூட்டுங்கள், 4 நிமிடம் வரை வைக்கலாம். சிந்திக்க வேண்டிய கேள்விகளுக்குப் புள்ளியே வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு வரும் பட்டை வரைபடத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். பாதிப் பேர் ஒரே தவறான விடையில் குவிந்திருந்தால், அன்றைய பாடம் அங்கேதான் இருக்கிறது.

## எழுத்து விடையைத் திருத்தும் வேலையைக் கூகுள் ஃபார்மிடம் விடுவது

நீங்கள் விடைக்குறிப்பில் "மின்தடை" என்று சேர்த்து எழுதியிருப்பீர்கள். பிள்ளை "மின் தடை" என்று இடம் விட்டு எழுதும். ஃபார்ம் தவறு என்று போட்டுவிடும். "ஓம் விதி", "ஓமின் விதி" கதையும் அதேதான். சரியாக எழுதிய பெண் ஒருத்தி பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். வரக்கூடிய எல்லா வடிவங்களையும் விடையாகச் சேர்த்து வையுங்கள். மதிப்பெண் உடனே தெரியும்படி வைக்காமல், நீங்கள் பார்த்த பிறகு வெளியிடும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

## எடிட் இணைப்பை அனுப்புவது

நிரப்பும் இணைப்புக்குப் பதிலாக எடிட் இணைப்பு போய்விட்டால், பிள்ளைகள் கேள்வியையே மாற்றிவிட முடியும். குழுவில் போடுவதற்கு முன், இன்காக்னிட்டோவில் (உங்கள் கணக்கில் நுழையாத உலாவிச் சாளரத்தில்) ஒருமுறை திறந்து பாருங்கள்.

## பாமினி, வானவில் எழுத்துரு

இந்தப் பழைய எழுத்துருக்கள் இல்லாத கணினியில் தமிழ் குழம்பித் தெரியும். யூனிகோடு மட்டும்.

## சுட்டி ஒருவர் கையிலேயே இருப்பது

ஹைடெக் லேபில் மூன்று பேருக்கு ஒரு கணினி என்றால், பெரும்பாலும் ஒருவர்தான் படிக்கிறார், இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு விதி: சுட்டியைப் பிடித்திருப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறும்.

## ஒரே தளத்தை நம்பி எல்லாவற்றையும் அங்கேயே போட்டு வைப்பது

பழைய அசைபடச் செயலிகளை ஓட்டிய ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு நின்றது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜேம்போர்டு 2024 டிசம்பரோடு மூடப்பட்டது. கேள்விகளின் நகல் உங்கள் கணினியில் இருக்கட்டும்.

## பிள்ளைகளின் பெயரும் போன் நம்பரும்

புதிய தளம் கேட்கிறதே என்று முழுப்பெயர், பிறந்த தேதி, பெற்றோர் எண் எல்லாவற்றையும் தட்டிக் கொடுக்காதீர்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் குழந்தை என்றுதான் வைத்திருக்கிறது. அவர்கள் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். விளையாட்டுக்கு வரிசை எண் போதும்.

## வீட்டில் போன் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது

"எல்லார் வீட்டுலயும் போன் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள். அது அப்பாவின் போன். அவர் வேலை முடிந்து வர இரவு ஒன்பதாகும். அக்காவுக்கும் தம்பிக்கும் அதே போன்தான். நான் மாலை ஏழு மணிக்குள் ஃபார்மை நிரப்பச் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. தினமும் தாமதமாக அனுப்பிய ஒரு பையனை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்தேன். அவன் காரணம் சொல்லவில்லை. அவன் அம்மா வேறு வேலையாகப் பள்ளிக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது வீட்டுக்கு அனுப்பும் எதற்கும் ஒரு வாரம் அவகாசம். நடுவில் ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்கும். அதே கேள்விகளை வகுப்புப் பலகையில் ஒட்டிவிடுவேன். நோட்டில் எழுதி வந்தாலும் அதே மதிப்பெண். வகுப்பிலேயே உடனடியாக விடை தெரிய வேண்டும் என்றால் பிளிக்கர்ஸ். பிள்ளைகள் கையில் அச்சிட்ட அட்டை ஒன்று, அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. என் ஒரு போனால் வகுப்பு முழுவதையும் படம் பிடித்துவிடலாம். அட்டைகளைக் கெட்டித்தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக அதே கட்டுதான். ஓரம் மட்டும் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது.