குளக்கரையில் தொடங்கி அணைக்கரை வரை: குமரி மாவட்டத்தில் புதியவர்களுக்கு மூன்று சைக்கிள் பாதைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைதியான சாலை வேண்டுமென்றால் தண்ணீர் போகும் வழியே போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் நெடுஞ்சாலை சைக்கிளுக்கு ஆகாது. சாலை குறுகல், பேருந்தும் லாரியும் ஓயாமல் வரும். அதிலிருந்து விலகி ஒரு குளத்தின் கரைக்கோ சானல் எனப்படும் பாசனக் கால்வாயின் கரைக்கோ வந்துவிட்டால் நிலைமையே வேறு. சானலில் தண்ணீர் தானாக ஓட மிகச் சிறிய சரிவு போதும். அதனால் அதன் கரையில் போகும் சாலையும் பெரும்பாலும் சமமாகவே இருக்கும். அகலம் குறைவு என்பதால் பெரிய வண்டிகளும் அதிகம் வருவதில்லை.

கீழே உள்ள மூன்று பாதைகளையும் இதே வரிசையில் ஓட்டுங்கள். முதல் பாதையை மூச்சு வாங்காமல் இரண்டு முறை முடித்த பிறகு இரண்டாவதற்குப் போகலாம்.

முதல் வேலை: சைக்கிளைத் தயார் செய்வது

முதல் பாதைக்குக் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். மூன்றாவதற்குக் கியர் கட்டாயம். முன்னால் சிறிய பல்சக்கரமும் பின்னால் 32 பல் அளவுக்குப் பெரிய பல்சக்கரமும் இருந்தால் நம் ஊர் ஏற்றங்களை உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

டயர் 32 மி.மீ. அகலம் இருப்பது இங்கே நல்லது. 65 கிலோ எடை உள்ளவர் பின்சக்கரத்தில் காற்றழுத்தம் 65 பி.எஸ்.ஐ. (பம்பின் அளவுமானி காட்டும் அலகு), முன்சக்கரத்தில் 60 வைத்துத் தொடங்கலாம். டயர் 28 மி.மீ. என்றால் பின்னால் 80, முன்னால் 75. உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். மழை பெய்த நாளில் இரண்டிலும் 5 குறைத்துக்கொள்ளுங்கள். காற்று கூடினால் ஒட்டுப்போட்ட கிராமச் சாலையில் சக்கரம் துள்ளும், ஈரத்தில் பிடிமானம் போகும். மிகவும் குறைந்தாலோ குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு துளை விழும். பஞ்சர் பார்க்கும்போது இரட்டைத் துளை தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காரணம் காற்றுக் குறைவுதான்.

இருக்கையின் உயரத்தை அடுத்துப் பாருங்கள். இருக்கையில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் தேவையான அளவு மடங்கிக்கொள்ளும். புதியவர்கள் பயத்தில் இருக்கையைத் தாழ்த்தி வைக்கிறார்கள். 15 கி.மீ.க்குள் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

பையில் ஒரு மாற்று டியூப், டயரைக் கழற்ற இரண்டு டயர் லிவர், சிறிய பம்ப், திருகுகளை இறுக்க 4, 5, 6 மி.மீ. அலன் கீ (அறுகோணச் சாவி) இருக்கட்டும். பின்பக்கம் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். ரப்பர் தோட்டத்து நிழலில் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மி.லி. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வடிந்துகொண்டே இருக்கும், ஆகவே ஒரு பாட்டிலில் சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட மட்டி வாழைப்பழம் நான்கு போதும். சிறியது, சீக்கிரம் செரிக்கும், எந்தப் பெட்டிக்கடையிலும் குலையாகத் தொங்கும். 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

இரண்டாவது வேலை: நேரமும் மாதமும்

விடிந்த கையோடு கிளம்பி எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் பள்ளி வேன்கள் எல்லாச் சிறு சாலைகளிலும் நுழையும்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் மலையடிவாரப் பாதைகளைத் தவிர்ப்பது நல்லது. இன்னொரு கணக்கு காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று சுமார் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் கிழக்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளும், உங்கள் கால் பலமாகிவிட்டது போலத் தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். எனவே ஆடி மாதத்தில் நினைத்த தூரத்தில் முக்கால் பங்கிலேயே திரும்பிவிடுங்கள்.

அறுவடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டியும், கும்ப மாதமாகிய மாசியை ஒட்டியும் அறுப்பு நடக்கும். அப்போது வைக்கோலைச் சாலையில் பரப்பிக் காயவிடுவார்கள். அதன் மேல் ஓட்டினால் வைக்கோல் சங்கிலியோடு சுற்றிக்கொண்டு பின் கியரின் சிறு உருளைகளில் சிக்கும். அந்த நிலையில் அழுத்தி மிதித்தால் கியர் மாற்றும் கை வளைந்து ஆரக்கம்பிக்குள் போய்விடும். சக்கரம் இறுகுவது போலத் தெரிந்த உடனே மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி வைக்கோலை உருவுங்கள். வைக்கோல் கண்ணில் பட்டதுமே இறங்கித் தூக்கிக்கொண்டு கடப்பது இன்னும் நல்லது. அது ஒருவர் வீட்டு உழைப்பு, அதன் மேல் சக்கரம் ஏற்றாமல் போவது மரியாதையும்கூட.

முதல் பாதை: சுசீந்திரம், தேரூர், மருங்கூர், மயிலாடி

போகவர 20 கி.மீ.க்குள் முடியும், பெரும்பாலும் சமதரை. நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வரை நெடுஞ்சாலை என்பதால் சைக்கிளை வண்டியில் ஏற்றிவந்து சுசீந்திரத்தில் தொடங்குவதே நல்லது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் தேரூர். அதன் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் வந்தால் கூழைக்கடாவும் நாரைகளும் தண்ணீரில் நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பினால் கைப்பிடியும் கூடவே திரும்பும். குளக்கரைச் சாலையில் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது.

இந்தப் பாதையில் பழக வேண்டியது ஒன்றே ஒன்று: சீரான மிதி. ஒரு கால் கீழே வருவதை 15 வினாடி எண்ணுங்கள். 18 முதல் 20 வந்தால் சரி. கியர் உள்ள சைக்கிளில் 12, 13 என்றால் கனமான கியரில் இருக்கிறீர்கள், ஒரு படி இலகுவாக்குங்கள். மயிலாடியில் கல் உளியின் சத்தம் கேட்கும் இடத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பலாம். சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

இரண்டாவது பாதை: புத்தேரி, பூதப்பாண்டி, திட்டுவிளை, கீரிப்பாறை

வடசேரியிலிருந்து புத்தேரி, இறச்சகுளம், பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை. ஒரு பக்கம் 20 கி.மீ. அளவு. புத்தேரி தாண்டியதும் குளமும் வயலும் திறந்துகொள்ளும், அப்பால் தாடகை மலை படுத்திருக்கும். போகும்போது மெல்லிய ஏற்றம், வரும்போது மெல்லிய இறக்கம் என்பதால் புதியவருக்கு இதைவிட நல்ல பாதை இல்லை. களைப்பாக இருக்கும் நேரத்தில் சாலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

இங்கே ஊர்ப்பெயர்களைப் படிக்கப் பழகுங்கள். ‘விளை’ என்றால் மேட்டுத் தோட்ட நிலம், ‘ஏலா’ என்றால் வயல்வெளி. ‘குளம்’, ‘ஏலா’ என்று வரும் இடங்களுக்கு இடையே சாலை தட்டையாக இருக்கும். அங்கிருந்து ஒரு ‘விளை’க்குப் போகும்போது சிறிய ஏற்றமாவது வரும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே கியரைக் குறைக்கலாம். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் வரைபடத்தில் தெரியாத பலவற்றை இது சொல்லிவிடும்.

தடிக்காரன்கோணம் தாண்டினால் ரப்பர் தோட்டங்கள். பால்வெட்டுத் தொழிலாளர்களின் இருசக்கர வண்டிகள் அதிகாலையில் தோட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று சாலைக்கு வரும். ஒவ்வொரு திறப்பிலும் மணி அடியுங்கள். கீரிப்பாறையோடு திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் காளிகேசம் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள காடு.

மூன்றாவது பாதை: திருவட்டாறு, மாத்தூர், குலசேகரம், பேச்சிப்பாறை

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் அருகே வண்டியை விட்டுவிட்டு முதலில் மாத்தூர் தொட்டிப்பாலம் போய்த் திரும்புங்கள். 1966-இல் கட்டி முடித்த இந்தப் பாலம் 28 தூண்களின் மேல் 115 அடி உயரத்தில் சானல் நீரைப் பள்ளத்தாக்குக்கு மேலே கொண்டுபோகிறது. மேலே நடைபாதை குறுகல், சைக்கிளைப் பூட்டிவைத்து நடந்து பாருங்கள். பிறகு குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை. போகவர மொத்தம் 40 கி.மீ. சுற்றி வரும். கோதையாற்றின் குறுக்கே நிற்கும் பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. திற்பரப்பு அருவிக்கும் குலசேகரத்திலிருந்து பிரிந்து போகலாம். ஆனால் விடுமுறை நாளில் அந்தச் சாலை அமைதியாக இருக்காது. அணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் அருவியில் குளிக்கவும் விடமாட்டார்கள்.

இங்குள்ள ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் அடுத்தடுத்து வரும். ஏற்றம் தொடங்கும் முன்பே, கால் இலகுவாக இருக்கும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி ஏற்றத்தில் முழுப் பலத்தோடு அழுத்தியபடி மாற்றினால் சங்கிலி பல்லில் ஏறாமல் நழுவும், சில நேரம் அறுந்தும் போகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு மிதி வலுவாக, அடுத்த மிதி மென்மையாக வைத்து, அந்த மென்மையான மிதியில் மாற்றுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டுங்கள்.

இறக்கத்தில்தான் விழுகிறார்கள். ரப்பர் மரங்கள் டிசம்பர், ஜனவரியை ஒட்டி இலை உதிர்க்கும். வளைவுகளின் உள்பக்கம் சருகு மெத்தையாகக் கிடக்கும், அதன் அடியில் பனி ஈரம் காயாமல் இருக்கும். மழைக்குப் பின் நிழலான ஓரங்களில் பாசி பிடித்திருக்கும். ஆகவே வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் இரண்டு பிரேக்கையும் விட்டுவிட வேண்டும். சருகின் மேல் முன்பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும், அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. ரிம்மைக் கட்டையால் அழுத்தும் ரிம் பிரேக் நனைந்திருந்தால் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. தேவைப்படும் இடத்துக்கு 30, 40 மீட்டர் முன்பே லேசாகத் தொட்டு ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்து கிடக்கும் தென்னை மட்டை, கல்குவாரி லாரி சிந்திய ஜல்லி இரண்டுக்கும் ஒரே விதிதான்: அதன் மேல் போக நேர்ந்தால் கைப்பிடியை நேராக வைத்து, மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் கடந்துவிடுங்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு சாலை வனவிலங்குச் சரணாலயப் பகுதி. யானை நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிளில் அந்தப் பக்கம் போகாதீர்கள். காலியாகத் தெரியும் சாலை அங்கே யானையின் சாலை.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரேக் கட்டைகளில் பதிந்திருக்கும் மணலைக் குண்டூசியால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது ரிம்மை அரத்தால் ராவுவது போலத் தேய்த்துவிடும். கடலோரம் ஓட்டியிருந்தால் உப்புக் காற்றில் சங்கிலி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத்துணியால் சங்கிலியைத் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து சுற்று பின்னோக்கிச் சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாள்பட்டால் பிசினாகி மண்ணைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.