அடிமரத்தில் இறக்குக் கருவியைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய கிளைகளைத் துண்டுகளாக அறுத்துக் கயிற்றில் இறக்கும் வேலையில், அடிமரத்தில் கட்டப்படும் போர்ட்டா-ராப் போன்ற உருளைக் கருவி, தன்மேல் சுற்றிய கயிற்றின் உராய்வினால் பாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. துண்டு கீழ்நோக்கி வந்தாலும், உச்சியிலுள்ள கப்பியில் திரும்பி வரும் கயிறு கருவியை மேல்நோக்கியே இழுக்கும். இதை நினைவில் கொள்ளாமல் கட்டுவதே மிக ஆபத்தான தவறு என்பது என் கருத்து.

மரம் மேலே செல்லச் செல்லச் சிறுக்கும். ஆகவே, வேர்கள் விரியும் அடிப்பாகத்தில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், பாரம் ஏறியதும் ஸ்லிங் (கருவியை மரத்தோடு பிணைக்கும் கயிறு) மெலிந்த பகுதிக்கு நழுவித் தளர்ந்துவிடும். கருவி 30 செ.மீ. மேலேறினால் மரத்துண்டும் அதே அளவு கூடுதலாக விழுந்து, பிறகுதான் கயிற்றில் வெடுக்கென்று நிற்கும். அந்த அதிர்வு கப்பிக்கும் மரத்துக்கும் கயிறு பிடிப்பவரின் கைக்கும் போய்ச் சேரும். வேர்விரிவுக்கு மேலே, தண்டு ஏறக்குறைய ஒரே பருமனாக உள்ள இடத்தில், முடிந்தால் உறுதியான கிளைக்கட்டை ஒன்றின் கீழே கட்டுவது நல்லது. கட்டியதும் கருவியை மேல்நோக்கி வலுவாக இழுத்துப் பார்த்து, நழுவினால் மீண்டும் கட்ட வேண்டும். முதலில் சிறு கிளைகளை இறக்கினால் கட்டு நன்றாக அமரும்.

முடிச்சிலும் கவனம் தேவை. ஸ்லிங்கைத் தண்டில் கட்ட டிம்பர் ஹிட்ச் என்ற முடிச்சைப் போடுவோர், கயிற்றின் வால்முனையை இரண்டு மூன்று முறை முறுக்கி விட்டுவிடுகிறார்கள். குறைந்தது ஐந்து முறுக்குகளாவது தண்டைச் சுற்றிப் பரவலாக அமைய வேண்டும், இழுவிசையும் முடிச்சின் வளைவுக்கு எதிராகத் திரும்பிச் செல்ல வேண்டும். திசை மாறினால் முடிச்சு திறந்துகொள்ளக்கூடும். முறுக்குகள் பரவ இடமில்லாத மெல்லிய மரங்களில், கூடுதல் அரைமுடிச்சுடன் கௌ ஹிட்ச் என்ற வேறொரு முடிச்சைப் போடுவதே பாதுகாப்பானது.

உளுத்த தண்டையும் உரிந்து நிற்கும் பட்டையையும் நம்பக் கூடாது. துண்டுகள் விழும் பக்கத்தில் கருவியைக் கட்டினால், கயிறு பிடிப்பவர் பாரத்தின் கீழேயே நிற்க நேரிடும்.

பாரம் இல்லாத வேளையில் டிம்பர் ஹிட்ச் தளரும் இயல்புடையது. ஆதலால் ஒவ்வொரு கனமான துண்டும் தரைக்கு வந்தபின், கீழே நிற்பவர் முடிச்சைத் தொட்டுச் சரிபார்த்துக் குரல் கொடுத்த பிறகே மேலே இருப்பவர் அடுத்த அறுப்பைத் தொடங்க வேண்டும்.