ஆம்பூர் பிரியாணியில் இஸ்லாத்தைத் தேடாதீர்கள்

வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை ஊர்களில் வளர்ந்தவர்களிடம் ஒரு தெம்பு உண்டு. முஸ்லிம்களைப் பற்றி நமக்குத் தெரியாததா என்பார்கள். பக்கத்துத் தெருவில் பள்ளிவாசல், தோல் தொழிற்சாலையில் உடன் வேலை பார்ப்பவர், ரம்ஜான் மாலையில் தூக்குவாளியில் வந்து சேரும் நோன்புக் கஞ்சி. புதிதாக ஊருக்கு வந்தவராவது கேட்டுத் தெரிந்துகொள்வார். கூடவே வாழ்பவர்தான் கேட்காமலே முடிவு கட்டிவிடுகிறார்.

அவர் செய்யும் முதல் தவறு, ஊர் வழக்கத்தையும் மார்க்கத்தையும் ஒன்றாகக் குழைப்பது. உருதுதான் முஸ்லிம்களின் மொழி என்று வட ஆற்காட்டில் பலரும் நம்புகிறார்கள். நவாபு ஆட்சிக் காலச் செல்வாக்கில் இங்கே வேரூன்றிய மொழி அது. இதே ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மட்டுமே பேசும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில் உருது செல்லாது. வீட்டில் எந்த மொழி பேசினாலும் தொழுகையில் ஓதுவது அரபியில். வெள்ளிக்கிழமை பயான் எனும் சொற்பொழிவு மட்டும் ஒரு பள்ளிவாசலில் தமிழிலும் இன்னொன்றில் உருதுவிலும் நடக்கும்.

பிரியாணிக்கும் இதே கதைதான். சீரகச் சம்பாவில் தம் போடச் சொல்லி எந்த வசனமும் இறங்கவில்லை. மார்க்கம் சொல்வது ஹலாலை: அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்து, இரத்தம் வடிய விட வேண்டும், பன்றி, இரத்தம், தானாகச் செத்தது, போதைப்பொருள் ஆகியவை கூடாது. வாழ்நாள் முழுவதும் சாம்பார் சாதம் சாப்பிடுபவரும் முழு முஸ்லிமாக இருக்கலாம்.

வரதட்சணைக்கு வந்தால் இந்தக் குழப்பம் கசப்பாகிறது. நிக்காஹ் எனும் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குத் தர வேண்டியது மஹர்; அது அவளுடைய சொத்து. பெண் வீட்டிலிருந்து நகையும் வண்டியும் கேட்டு வாங்குபவர் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைச் செய்கிறார். அதை மார்க்கத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

முஸ்லிம்கள் முகமது நபியை வணங்குகிறார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வணக்கம் இறைவன் ஒருவனுக்கே, நபி அவனுடைய தூதரான மனிதர் என்பதுதான் கலிமா எனும் உறுதிமொழியின் சாரம். அரபு கிறிஸ்தவர்களும் இறைவனை அல்லாஹ் என்றே அழைக்கிறார்கள். குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்துக்கு இயேசுவின் தாயான மர்யமின் பெயர். தொழும்போது மக்காவிலுள்ள கஅபாவை நோக்குவது திசைக்காக. வேலூரிலிருந்து அது மேற்கே, சற்று வடக்காக.

ஒருவரிடம் கேட்ட பதிலை எல்லோருடைய பதிலாக எடுத்துக்கொள்வதிலும் கவனம் வேண்டும். ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா தர்காவுக்கு ஆசையோடு போகிறவரும், தர்காவில் வேண்டுவதே கூடாது என்பவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். வேலூர் பாகியாத் மதரஸாவில் ஓதியவர் பெயருக்குப் பின்னால் பாகவி என்றும், ஆம்பூர் அருகே 1924இல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாம் மதரஸாவில் ஓதியவர் உமரி என்றும் போட்டுக்கொள்வார்கள். சில சட்டங்களில் இருவரும் வேறு வேறு பதில் சொல்லக்கூடும். இங்கே பெரும்பாலோர் பின்பற்றுவது ஹனஃபி எனும் சட்ட வழி. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் ஷாஃபி வழி. அஸர் எனும் மாலைத் தொழுகை தொடங்கும் நேரம்கூட இரண்டிலும் வேறு.

நோன்பு மாதத்தில் அலுவலகங்களில் நடக்கும் தவறுகளைத் தனியாகவே சொல்ல வேண்டும். "தண்ணீராவது குடிக்கலாமே?" என்பது பரிவாகக் கேட்கும் கேள்விதான், ஆனால் வைகறையிலிருந்து சூரியன் மறையும் வரை ஒரு சொட்டும் கூடாது. 2019இல் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. சந்திர ஆண்டு சுமார் 354 நாள் என்பதால் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து, 2026இல் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. பெருநாள் எந்தத் தேதி என்று பத்து நாள் முன்பே உறுதி கேட்டு நச்சரிக்காதீர்கள்; பிறை தெரிந்தால்தான் அவர்களுக்கே தெரியும். நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் சலுகை உண்டு. மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை, பிறகு ஈடுசெய்வார்கள். ஆகவே உடன் வேலை செய்யும் பெண்ணிடம் "இன்று நோன்பு இல்லையா?" என்று பலர் முன்னிலையில் கேட்பதைப்போல் அநாகரிகம் வேறில்லை.

ஜகாத்தைத் தர்மம் என்று பாராட்டுவதும் பொருந்தாது. அது கடமை. மாதச் சம்பளத்தில் எடுப்பதும் அல்ல. வரம்புக்கு மேல் சேர்ந்து ஓராண்டு கையிலிருக்கும் பணத்திலும் தங்கத்திலும் 2.5 சதவீதம். பெறுகிற ஏழைக்கு அதில் உரிமை உண்டு என்கிறது மார்க்கம்.

முஹர்ரத்துக்கு வாழ்த்து அனுப்பும் முன் யோசியுங்கள். முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டின் முதல் மாதம் அது. ஆனால் அதன் பத்தாம் நாளில்தான் கி.பி. 680இல் நபியின் பேரர் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டார். ஷியா பிரிவு முஸ்லிம்களுக்கு அது துக்க நாள்.

சாவு வீடு என்றால் தாமதிக்காதீர்கள். பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கபர்ஸ்தான் எனும் இடுகாட்டில் வேலை முடிந்திருக்கும். மாலை வாங்கிப் போக வேண்டாம். மையித்து எனும் இறந்தவரின் உடலுடன் மற்ற மதத்தவர் நடந்து போவதை இங்கே யாரும் தடுப்பதில்லை. அடக்கத்துக்குப் போக முடியாதவர்கள் மூன்று நாட்களுக்குள் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வரலாம்.